அண்ணா பார்க்காமல் போன ஆட்டம்

இந்த மலரின் முகப்பில் அண்ணா மஞ்சள் ஜேர்சியோடு நிற்பதைப் பார்த்து உங்களில் சிலர் முகம் சுளித்திருப்பீர்கள். கோட் சூட் போட்ட படம் இல்லாமலில்லை. என் மகளின் திருமணத்தில் எடுத்த நல்ல படம் ஒன்று இருக்கிறது. அண்ணியும் நானும் யோசித்துத்தான் இதைப் போட்டோம். அந்தச் சட்டையை விட்டுவிட்டு அண்ணாவின் கதையைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவருடைய ஓராண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இதைக் கையில் வாங்கியவர்கள் கொஞ்சம் பொறுமையோடு வாசிக்க வேண்டும்.

அண்ணா பிறந்தது மன்னார்க் கரையில், அப்பா வலை வீசிய ஊரில். பிள்ளைகளில் மூத்தவர் அவர், கடைசி நான். எங்கள் ஊரில் கோயிலுக்கு அடுத்தது உதைபந்துதான். பூசை முடிந்த கையோடு ஆண்கள் மைதானத்துக்குப் போவார்கள், பெண்கள் சமைக்கப் போவோம். அண்ணா பங்குக் கழகத்துக்கு வெறுங்காலோடு இடது பக்கம் ஓடினார். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பி வராத வருடத்தோடு அந்த ஓட்டம் நின்றது. அதற்குப் பிறகு சண்டை வந்தது. எழும்பு என்றார்கள், எழும்பினோம். இரு என்றார்கள், இருந்தோம். காட்டுக்குள் ஒரு முகாம், பிறகு இன்னொன்று. அம்மா தாலிக்கொடியை விற்று அண்ணாவை ஓர் ஏஜென்சிக்காரனிடம் ஒப்படைத்தார். கனடா என்று காசு வாங்கியவன் அவரை யப்பானில் இறக்கிவிட்டுக் காணாமல் போனான்.

அது குளிர்ந்த கடலோரத்தில் ஒரு சின்ன நகரம். வாகனங்களுக்கு இரும்புப் பாகங்கள் வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் அண்ணாவுக்கு வேலை கிடைத்தது. இடது கைச் சின்ன விரல் வளைந்திருந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அது அங்கே வெந்தது. அந்தத் தொழிற்சாலைக்கு ஓர் உதைபந்தாட்ட அணி இருந்தது. மாவட்ட மட்டத்தில் விளையாடி, மாவட்ட மட்டத்திலேயே தோற்கிற அணி. ஒருநாள் ஆள் குறைந்தபோது கோல் காப்பாளர் கென்ஜி அண்ணாவைக் கைகாட்டிக் கூப்பிட்டார். யாருடையதோ பழைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அண்ணா மறுபடியும் இடது பக்கம் ஓடினார்.

கார் விற்பனை படுத்த ஒரு வருடம் வந்தது. கம்பனி முதலில் வெட்டியது அந்த அணியைத்தான். நூடில்ஸ் கடை ஒன்றின் மேல் மாடியில் எல்லோரும் கூடினார்கள். கலைப்பதா, தாங்களே நடத்துவதா என்று வரிசையாக ஒவ்வொருவரிடமும் அபிப்பிராயம் கேட்கப்பட்டது. இந்தக் கதையை அண்ணா எனக்கு எத்தனை தடவை சொன்னாரோ தெரியாது. ஒவ்வொரு தடவையும் இந்த இடத்தில் குரல் மாறும்.

"என்னைத் தாண்டிப் போவாங்கள் எண்டுதான் நினைச்சன். கென்ஜி என்ர பக்கம் திரும்பி, நீ என்ன நினைக்கிறாய் எண்டு கேட்டான். அதுவரைக்கும் என்னட்டை ஒருதரும் ஒண்டையும் கேட்டதில்லை, தங்கச்சி. ஊரிலையும் இல்லை, காம்பிலையும் இல்லை. விளையாடுவம் எண்டு சொன்னன். எனக்கு அவ்வளவு யப்பான் பாஷைதான் தெரியும்."

அப்படிப் பிறந்ததுதான் அந்தக் கிளப். முடிவெட்டுகிறவரும் மீன் கடைக்காரரும் பள்ளி ஆசிரியரும் அங்கத்தவர்கள் ஆனார்கள். ஜேர்சியின் மஞ்சள் நிறம்கூடக் கொள்கையால் வந்ததில்லை, மலிவாகக் கிடைத்த துணியால் வந்தது. அதை ஆரம்பித்தவர்களில் எங்கள் அண்ணாவும் ஒருவர் என்பதை இந்த ரொறன்ரோவில் எத்தனை பேர் அறிவீர்கள்? நான் சொன்னபோதெல்லாம் சிரித்தீர்கள். இப்போது அச்சில் வாசியுங்கள்.

பிறகு விசா இல்லாதவர்களைப் பிடிக்கத் தொடங்கினார்கள். அண்ணா பல மாதங்கள் தடுப்பில் இருந்தார். கென்ஜி கிழமை தவறாமல் வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து, கிளப்பின் முடிவுகளைச் சொல்வாராம். எல்லாம் தோல்வி. "பாவி மனுசன், உள்ளுக்கை இருக்கிறவருக்கு ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாமே" என்று நான் கேட்டதுண்டு. "கென்ஜிக்குப் பொய் வராது" என்று அண்ணா சிரிப்பார்.

ஒருவழியாகக் கனடா வந்து சேர்ந்தபோது அண்ணாவின் தலைமயிர் பாதி நரைத்திருந்தது. ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற், பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் பின்னேர ஷிஃப்ற், சனிக்கிழமைகளில் இன்னொரு வேலை. அம்மாவையும் எங்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, எங்களைக் கரைசேர்த்த பிறகுதான் தனக்கென்று ஒரு கலியாணம் செய்தார். பிள்ளைச் செல்வம் கிட்டவில்லை. அந்தத் துக்கத்தை இரண்டு பேரும் வெளியே காட்டியதுமில்லை. பிறகு அஜக்ஸில் வீடு வாங்கிப் போனார்கள்.

யப்பானில் அந்தக் கிளப் மெல்ல மெல்ல ஏறியது. மாவட்டத்திலிருந்து பிராந்தியம், பிராந்தியத்திலிருந்து தேசிய அளவு, கடைசியில் தொழில்முறை லீக்கின் மூன்றாம் பிரிவு. ஏறிய அந்த ஞாயிறு அண்ணா கோயில் மண்டபத்தில் எல்லோருக்கும் கேக்கும் றோல்ஸும் கொடுத்தார். "ஆருக்கடா பிறந்தநாள்?" என்று சித்தப்பா கேட்டார். "கிளப் மேல ஏறிட்டுது, சித்தப்பா" என்றார் அண்ணா. சித்தப்பா கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டே, "வேலியிலை போன ஓணானைப் பிடிச்சு மடியிலை கட்டின கதைதான் உவன்ர கதை" என்றார். சித்தப்பா கோபிக்க வேண்டாம், நீங்கள் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

அங்கே ஆட்டம் நடப்பது பிற்பகலில். இங்கே அது நாங்கள் தூங்கும் நேரம். அதனால் அண்ணா வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. ஞாயிறு காலைப் பூசைக்குப் போய் வந்து, பாணும் சம்பலும் சாப்பிட்டு, ரிவிக்கு முன்னால் இருந்து அவர் ஆட்டத்தை இணையத்தில் போட்டுப் பார்ப்பார். அதுவரை முடிவை ஒருவரும் சொல்லக்கூடாது. கென்ஜி அழைத்தாலும் ஃபோனை எடுக்க மாட்டார். ஒருமுறை நான் வேண்டுமென்றே, "அண்ணா, இண்டைக்கு..." என்று இழுத்தேன். செருப்பைத் தூக்கிக்கொண்டு கராஜ் வரை துரத்தினார். என் பிள்ளைகள் இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஒவ்வொரு பங்குனியிலும், அங்கே பருவம் தொடங்கும் நேரத்தில், கிளப்பிலிருந்து ஒரு பாசல் வரும். அங்கத்தவர் அட்டையும் ஒரு மஞ்சள் துவாயும். அண்ணி அந்தத் துவாய்களில் ஒருவரையும் முகம் துடைக்க விடாமல் அலுமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார்.

மேலே ஏறியது அங்கேயே நிற்கவில்லை. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக வருடத்துக்கு வருடம் பட்டியலில் கீழே இறங்கியது. அண்ணாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்த அதே இலையுதிர் காலத்தில் கிளப் பட்டியலின் அடியில் கிடந்தது. அடியில் முடித்தால் கீழ்ப்பிரிவிலிருந்து வரும் அணியோடு இரண்டு ஆட்டம் ஆட வேண்டும். அதில் தோற்றால் லீக்கை விட்டே வெளியே. உதவி செய்துவந்த சூப்பர் மார்க்கெற் முதலாளி, வெளியே போனால் இனி ஒரு சதமும் இல்லை என்று சொல்லிவிட்டார். அவர் இல்லாவிட்டால் கிளப்பை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று கென்ஜி அண்ணாவிடம் அழுதாராம்.

மார்கழி நத்தார்ப் பண்டிகை வரை தாங்குவது கடினம் என்று டொக்டர் எங்களுக்குச் சொன்ன அதே ஐப்பசியில், அண்ணா அடுத்த பருவத்துக்கான அங்கத்துவத்தைப் புதுப்பித்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. "ஆருக்கு அண்ணா இது?" என்று கேட்டுவிட்டேன். "கிளப்புக்கு" என்றார்.

கிளப் அடியில்தான் முடித்தது. முதலாவது ஆட்டம் சமநிலை. வரவேற்பறையில் போட்டிருந்த நோயாளிக் கட்டிலில் சாய்ந்தபடி அதை முழுவதும் பார்த்தார். அடுத்த சனிக்கிழமை பின்னேரம் அவருக்குப் பேசவே களைத்தது. ஆனாலும் எங்களைக் கிட்டக் கூப்பிட்டார்.

"நாளைக்குக் கோயிலுக்குப் போட்டு வாங்கோ. வந்தாப்போல பாப்பம். அதுவரைக்கும் ஒருதரும் வாய் திறக்கப்படாது."

"ஓம் ஓம். முதல்லை இந்தக் கஞ்சியிலை ரெண்டு வாய் குடியுங்கோ" என்றார் அண்ணி.

ஒரு வாய்தான் குடித்தார். ஞாயிறு விடிகிற நேரம் அண்ணா எங்களை விட்டுக் கர்த்தரிடம் போனார். அங்கே ஆட்டம் அதற்கு முன்பே முடிந்திருந்தது.

பெட்டிக்குள் கையில் செபமாலை, காலடியில் ஒரு மஞ்சள் துவாய். பார்வைக்கு வைத்திருந்த அன்று, இங்கே பிறந்த ஒரு மருமகன் நல்ல மனத்தோடுதான் கிட்ட வந்தான். "அன்ரி, நான் அந்த கேம் செக் பண்ணினன், ஐ ஜஸ்ற் தோட் யூ..." என்று தொடங்கினான். அண்ணி கையை உயர்த்தி அவனை நிறுத்தினார்.

"அவர் இன்னும் பாக்கேல்லை, தம்பி."

அதற்குப் பிறகு ஒருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்குப் பொறுமை குறைவு என்பது உங்களுக்குத் தெரியும். ஃபோனில் அந்தக் கிளப்பின் பெயரைப் பலமுறை எழுதியிருக்கிறேன், அழித்திருக்கிறேன். அந்த ஆட்டத்தை நாங்கள் இன்றுவரை போட்டுப் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் கென்ஜி அழைத்தார். நான்தான் பேசினேன். உடைந்த ஆங்கிலத்தில் அண்ணாவைப் பற்றி நெடுநேரம் பேசினார். இடது பக்கம் அவர் ஓடிய ஓட்டத்தைப் பற்றிச் சொன்னார், நூடில்ஸ் கடையைப் பற்றிச் சொன்னார், விம்மி விம்மி அழுதார். கிளப்பைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. பொய் வராத மனிதர். ஃபோனை வைத்தேன். அண்ணி என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் தேத்தண்ணி போட எழும்பிப் போனார்.

பங்குனி வந்தது. பாசல் வரவில்லை. சித்திரையிலும் இல்லை. பனி உருகி, புல் முளைத்து, கோடையும் போய்விட்டது. தபால்காரரின் வாகனம் தெருவில் நின்றால் அண்ணி யன்னலடிக்குப் போவார். திரும்பி வந்து, "உங்கை தபாலெல்லாம் பிந்துது" என்பார். நானும் ஓம் என்பேன். ஒரு மனிதரையும் ஒரு கிளப்பையும் ஒரே கிழமையில் அடக்கம் செய்ய எங்களால் முடியவில்லை, அவ்வளவுதான்.

அண்ணாவின் நோயில் வீடு தேடி வந்து நற்கருணை தந்த பங்குத்தந்தைக்கும், உடம்பு துடைத்து மருந்து கொடுத்த தாதிப் பெண்ணுக்கும், அடுப்பு மூட்டாத நாட்களில் கறி சோறு கொண்டுவந்த அயலவர்களுக்கும், நானூற்றியொன்று நெடுஞ்சாலையில் பனிக்குள் வண்டி ஓட்டி அஜக்ஸ் வந்து செபமாலை சொன்னவர்களுக்கும், பெட்டி தூக்கிய அண்ணாவின் வேலையிடத்து நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கேக் சாப்பிட்டுக்கொண்டு திட்டினாலும், கடைசி மாதம் முழுவதும் ஒவ்வொரு நாளும் அண்ணாவைச் சவரம் செய்துவிட்ட சித்தப்பாவுக்கும் நன்றி. முடிவு தெரிந்தும் இந்த ஒரு வருடமாக எங்கள் வீட்டில் வாய் திறக்காத அத்தனை பேருக்கும் நன்றி. அது சின்ன உதவி இல்லை.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்க முதல் அண்ணியிடம் வாசிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு, கடைசி வரை வாசித்தார். தபால்காரரைப் பற்றி எழுதியதற்கு ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. பாசல் வரவில்லை என்று நான் எழுதிய இடத்தில் விரலை வைத்தார்.

"இன்னும் வரேல்லை எண்டு எழுதுங்கோ" என்றார்.

அவர் சொன்னபடி எழுதுகிறேன். பாசல் இன்னும் வரவில்லை.