கண்ணாடி மாஸ்டரின் கால்

மருத்துவமனையில் சர்க்கரைநோய்ப் பிரிவுக்கு வெளியே ஒரு நீளமான பெஞ்சு கிடக்கும். சனிக்கிழமை காலையில் போனால் அதில் உட்கார இடம் கிடைக்காது. டாக்டரைப் பார்க்க வந்த கூட்டம் என்று நினைத்தால் பாதிதான் சரி. டாக்டர் சாவகாசமாகத்தான் வருவார். விடிந்ததும் விடியாததுமாக வந்து இடம் பிடிப்பவர்கள் கண்ணாடி மாஸ்டரின் பேச்சைக் கேட்க வருபவர்கள்.

மாஸ்டருக்கும் சர்க்கரைதான்; தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. "கிளம்புறதுக்கு முன்னாடி கண்ணாடி! திரும்புறதுக்கு முன்னாடி கண்ணாடி! நிறுத்துறதுக்கு முன்னாடி கண்ணாடி!" என்று அவர் போடும் சத்தத்தில், அவரிடம் படித்தவர்கள் தூக்கத்தில்கூடக் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்தான் புரண்டு படுப்பார்கள். பட்டப்பெயர் அங்கே பிறந்தது. ஆனால் நிலைத்தது இந்தப் பெஞ்சில்தான். பழைய கார்களைப் பிரித்துப் போடும் கடைக்குப் போய், உடைந்த வண்டிகளின் கண்ணாடிகளைக் கேட்டு வாங்கி வருவார். ஒவ்வொன்றையும் ஒரு துடைப்பக் கட்டையில் திருகி, புதிதாக வரும் நோயாளியின் கையில் கொடுத்துவிடுவார். குனிய முடியாதவர்களும் உட்கார்ந்த இடத்திலிருந்தே உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ளலாம்.

"முகத்தைத்தான் ஆயிரம் தடவை பாக்குறோமே, அதுல என்ன புதுசா முளைக்கப்போகுது? உள்ளங்காலைப் பாருங்க," என்பார். "குளிக்கிற தண்ணியில காலை விட்டுச் சூடு பாக்காதீங்க. சர்க்கரை வந்தா கால் மரத்துப்போகும், பொய் சொல்லும். முழங்கையை விடுங்க, அது நியாயஸ்தன். ஷூவைப் போடுறதுக்கு முன்னாடி கவுத்துத் தட்டுங்க. உள்ள ஒரு கல்லு இருந்தாலும் நம்ம கால் அதைக் கூடப்பிறந்ததா நெனச்சு நாள் பூரா கூட்டிக்கிட்டுத் திரியும். வெள்ளை சாக்ஸ் போடுங்க, ரத்தம் பட்டா காட்டிக்கொடுக்கும். ஆணிக்கால்ல பிளேடு வைக்கிற வீரனுங்க யாராவது இருந்தா தயவுசெஞ்சு என் பக்கத்துல உட்காராதீங்க."

தனியாக இருக்கும் ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா, கண் சரியாகத் தெரியாததால் கண்ணாடி இருந்தும் பயனில்லை என்று ஒருநாள் கலங்கிவிட்டார். அடுத்த தெருவில் இருக்கும் பேப்பர்கடைக்காரரின் மனைவியும் அதே பெஞ்சுதான். இரண்டு பேரையும் மாஸ்டர் அங்கேயே சேர்த்து வைத்தார். இப்போது சாயங்காலமானால் இவர் காலை அவர் பார்க்கிறார், அவர் சர்க்கரை அளவை இவர் விசாரிக்கிறார், நடுவில் ஊர்க்கதையும் நடக்கிறது. ஒரு கொப்புளத்தை முதல் நாளே பார்த்துவிட்டதால் டீச்சரம்மாவின் கட்டைவிரல் பிழைத்தது. அதை அவரே பெஞ்சில் எல்லாருக்கும் காட்டினார்.

பேச்சு முடிகிறபோது மாஸ்டர் சொல்லும் வார்த்தை ஒன்றே ஒன்றுதான். "எதையும் மறைக்காதீங்க. வீட்ல சொல்லுங்க. சிஸ்டர்கிட்ட சொல்லுங்க."

சொன்ன மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? மூச்சே விடாமல் மறைத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது அவர் மனைவி வாசலில் நின்று வயிறு குலுங்கச் சிரித்தார். மாஸ்டரின் ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இன்னொன்று வழியில் எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. "பாவம், அதுவும் ஒரு நாள் லீவு கேட்டுச்சு, குடுத்துட்டேன்," என்று மாஸ்டர் சொல்ல, மனைவி இன்னும் சிரித்தார். பிறகு அந்தக் காலையே பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. மாஸ்டர் அதைக் கவனித்தும் கவனிக்காதவர் மாதிரி உள்ளே போய்விட்டார்.

சிஸ்டர் செய்யும் பரிசோதனை ரொம்பச் சின்னது. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். சிஸ்டர் மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொடுவார். தொடுவது தெரியும்போதெல்லாம் "ஆமா" என்று சொல்ல வேண்டும். மாஸ்டர் ஒன்றுவிடாமல் "ஆமா" சொல்லிவிட்டு வருவார். சிஸ்டரின் சக்கர ஸ்டூலுக்கு எண்ணெய் போட்டு வருஷக்கணக்காகிவிட்டது. தொடுவதற்கு அவர் முன்னால் சாயும்போதெல்லாம் அது கிரீச் என்று முனகும். மாஸ்டரின் காலுக்குத் தெரியாததை அவர் காது கேட்டுச் சொன்னது.

அற்பத்தனம் என்றுதான் எனக்கும் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அவர் பக்கமும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஓட்டக் கற்றுக்கொடுக்கும் காரில் பக்கத்து சீட்டின் அடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் திகைத்து நின்றால் மாஸ்டர் மிதித்து வண்டியை நிறுத்தலாம். ஒருமுறை பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு சிறுமி குறுக்கே ஓடிவந்தபோது, ஓட்டியவன் வாயைப் பிளந்துகொண்டிருக்க, மாஸ்டரின் கால்தான் வண்டியை நிறுத்தியது. வாழ்க்கையில் அவர் பெருமைப்பட்ட விஷயம் அது. கால் மரத்துவிட்டது என்று யாராவது சொல்லிவிட்டால் அந்த சீட்டில் அவர் உட்கார முடியாது. அந்த சீட் இல்லாமல் தான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் சலவைக்கடையில் வேலைபார்க்கும் பெண் ஒருத்தி கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தாள். நாற்பதைத் தாண்டியவள். கடையின் வேனை ஓட்டத் தெரிந்தால் துணிகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை அவளுக்கு. இல்லாவிட்டால் ஆயுசுக்கும் நீராவியில் நின்று இஸ்திரி போட வேண்டியதுதான். ஆசையாகத்தான் ஆரம்பித்தாள். ஆனால் வண்டி அவளிடம் முரண்டு பிடித்தது. கிளட்ச்சை விட்டதும் ஒரு குலுக்கு, இன்ஜின் நின்றுவிடும். மறுபடி ஸ்டார்ட் செய்தால் மறுபடி குலுக்கு.

"ஆக்ஸிலேட்டர் குடுங்கம்மா! வண்டிக்கு வலிக்குமேன்னு பாக்குறீங்களா?"

"குடுத்துக்கிட்டுதான் இருக்கேன் மாஸ்டர்."

"குடுத்தா போகணுமே! உங்களுக்கும் வண்டிக்கும் ஏழாம் பொருத்தமா இருக்கு."

கற்றுக்கொள்ள வந்த வேறு இரண்டு பேரும் வண்டி பின்னால் பிடித்து இழுக்கிறது என்று சொன்னார்கள்தான். மாஸ்டர் மெக்கானிக்கிடம் பிரேக்கைக் காட்டினார். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "வண்டி தங்கம் மாதிரி இருக்கு, ஓட்டுறவங்களைப் பாருங்க," என்று அனுப்பிவிட்டார். மாஸ்டரும் ஓட்டுகிறவர்களையே பார்த்தார், அதாவது திட்டினார். மற்றவர்கள் எதிர்த்துப் பேசினார்கள். சலவைக்கடைப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

லைசென்ஸ் தேர்வு நெருங்கியது. வாரச்சந்தை நடக்கும் மைதானம் அன்று காலியாகக் கிடந்தது. அங்கேதான் கடைசிப் பயிற்சி. முதல் குலுக்கு, இரண்டாவது குலுக்கு, மூன்றாவது குலுக்கு. "போதும்மா," என்று மாஸ்டர் பெருமூச்சு விட்டார். "எல்லாருக்கும் எல்லாம் வந்துடாது."

அவ்வளவுதான். அவள் ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள், இன்ஜினை அணைத்தாள், கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வண்டிக்குப் பின்னால் போய் நின்றாள். பிறகு அவள் குரல் கேட்டது. அழுகை போய் வேறு ஏதோ அதில் வந்திருந்தது.

"மாஸ்டர், நான் இங்க வெளிய நிக்கிறேன்."

"தெரியுதும்மா. உள்ள வாங்க."

"பின்னாடி ரெண்டு பக்கமும் செவப்பு விளக்கு எரியுது. பிரேக்கை மிதிச்சாத்தானே அது எரியும்? யாரு மிதிக்கிறது?"

மாஸ்டர் குனிந்து பார்த்தார். பக்கத்து சீட்டின் பிரேக்கின் மேல் ஒரு ஷூ பதிந்திருந்தது. அவருடைய ஷூதான். பிரேக்குக்கு மேலே எப்போதும் தொடாமல் காலைத் தூக்கி வைத்திருப்பது அவருக்குக் கைவந்த கலை. தூக்கித்தான் வைத்திருக்கிறோம் என்று அந்த நிமிஷம்வரை நினைத்துக்கொண்டிருந்தார். கையால் முழங்காலைப் பிடித்து எடுத்தார்.

"இப்ப அணைஞ்சிடுச்சு," என்றாள் அவள்.

நிச்சயப்படுத்திக்கொள்ள மறுபடி காலை வைத்தார். "எரியுது." எடுத்தார். "அணைஞ்சிடுச்சு."

அவள் ஜன்னல் பக்கம் வந்து நின்றாள். மாஸ்டர் சர்க்கரை, கால் மரத்துப்போனது, சிஸ்டரிடம் பூசி மெழுகியது எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சொன்னதும் அவள் மனம் இளகி, "பரவாயில்லை மாஸ்டர்," என்பாள் என்று ஒரு நப்பாசை இருந்தது.

அவள் அப்படிச் சொல்லவில்லை. "தினமும் அழுதுக்கிட்டு வீட்டுக்குப் போனேன்," என்றாள். "எனக்கு எதுவும் வராதுன்னு என் வாயாலேயே என் புருஷன்கிட்ட சொல்லிட்டேன். அதை விடுங்க. மிதிச்சது தெரியலைன்னா, மிதிக்க வேண்டிய நேரத்துல மிதிக்கலைன்னாலும் தெரியாதுல்ல? யாராவது குறுக்க வந்திருந்தா?"

பந்தைத் துரத்திவந்த அந்தச் சிறுமி மாஸ்டரின் கண் முன்னால் ஓடினாள்.

கடைசியில் இரண்டு ஷூவையும் கழற்றினார். சாப்பிட உட்காருகிறவர் மாதிரி காலிரண்டையும் மடக்கி சீட்டின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டார். "இந்த மைதானத்துக்குள்ள மட்டும், மெதுவா ஒரு சுத்து வாங்கம்மா," என்றார். அவள் கண்ணாடியைப் பார்த்தாள். கிளட்ச்சை விட்டாள். வண்டி வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி நகர்ந்தது. ஒரு சுற்று முடிந்தும் அவள் நிறுத்தவில்லை. இன்னொரு சுற்று போனாள். அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து மாஸ்டருக்குச் சந்தோஷமும் அவமானமும் ஒன்றாக வந்தன. அவளை மறுபடி திரும்பிப் பார்க்கவே கூசியது.

வண்டியைத் தெருவில் ஓட்டிக்கொண்டு போக மச்சானைப் போன் போட்டு வரவழைத்தார். மச்சான்தான் பயிற்சிப் பள்ளியில் இவருக்குக் கூட்டாளி, மனைவியின் தம்பி. "கொஞ்ச நாளைக்குப் பக்கத்து சீட்டை நீ பாத்துக்கோடா," என்றார். காரணம் சொல்லவில்லை. மச்சானிடம் வேறு சாவி இருந்ததால் தன் சாவியையும் கொடுக்கவில்லை. அது சட்டைப்பையிலேயே இருந்தது. மச்சானிடம் படித்துச் சலவைக்கடைப் பெண் முதல் முயற்சியிலேயே தேறிவிட்டாள். இப்போது ஊர்த் தெருக்களில் கடை வேனை ஓட்டிக்கொண்டு போவது அவள்தான்.

மைதானத்தில் அது நடந்த அன்று சாயங்காலமே மனைவியிடம் சொன்னார். மனைவி துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"ஒத்தைச் செருப்போட வந்தீங்களே, அன்னைக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் கேக்கலை?"

"கேட்டா ஒரு ஜோக் அடிப்பீங்க. நானும் சிரிச்சிட்டு எந்திரிச்சுப் போகணும். எனக்கு அலுத்துப்போச்சுங்க." மடித்த துணியைத் தூக்கி வைத்துவிட்டு அவர் எதிரே வந்து உட்கார்ந்தார். "ஊர்ல இருக்கிற கால் எல்லாத்தையும் நீங்க பாக்குறீங்க. உங்க காலை என்கிட்ட ஒரு நாளாவது காட்டியிருக்கீங்களா?"

மாஸ்டர் காலை நீட்டினார். மனைவி மடியில் வைத்துக்கொண்டு, விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார். காயம் எதுவும் இல்லை. "சனிக்கிழமை நானும் வர்றேன்," என்றார். மாஸ்டர் அதற்கு ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

சனிக்கிழமை பெஞ்சில் வழக்கம்போல இடம் இல்லை. டீச்சரம்மா நகர்ந்து இடம் கொடுத்து, "என்ன மாஸ்டர், இன்னைக்கு என்ன பாடம்?" என்று கேட்டார். "முதல்ல நான் உள்ள போய்ட்டு வந்துடுறேன் டீச்சர்," என்று சொல்லிவிட்டு மனைவியோடு உள்ளே போனார். போகும்போது மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. முழுசாகவா போயிருக்கும்? பாதியாவது மிச்சம் இருக்காதா? அந்தப் பாதியை வைத்துக்கொண்டு, கவனமாக, மைதானத்தில் மட்டும் என்று சமாளிக்க முடியாதா? சாவியின் கனம் நெஞ்சில் தெரிந்துகொண்டே இருந்தது.

சிஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கிரீச்.

"சிஸ்டர், ஒரு நிமிஷம்," என்றார் மாஸ்டர். "அந்த ஸ்டூல் வேண்டாம். சத்தம் போடாத நாற்காலி ஏதாவது இருந்தா அதுல உட்காருங்க."

சிஸ்டர் அவரைப் பார்த்தார். ஸ்டூலைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார். "போன தடவையுமா?"

"அதுக்கு முந்தியும்."

"வெளிய பெஞ்சுல உட்கார்ந்துக்கிட்டு, எதையும் மறைக்காதீங்கன்னு சொல்றது யாரு மாஸ்டர்?"

"நான்தான் சிஸ்டர்."

சிஸ்டருக்குக் கோபம் வந்தது. அதைக் காட்ட அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. ஆனால் எழுந்துபோய் மூலையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கிவந்து போட்டார். மாஸ்டர் கால்களை நீட்டி, கண்களை இறுக மூடிக்கொண்டார். இந்தத் தடவை தொட்டால் மட்டும்தான் "ஆமா" என்று முடிவு செய்திருந்தார். மேலே மின்விசிறி சுற்றியது. வெளியே டீச்சரம்மா எதற்கோ சிரித்தார். மனைவி பக்கத்தில் மூச்சுவிடுவதுகூடக் கேட்டது. மாஸ்டர் காத்திருந்தார். சிஸ்டருக்கு இன்னும் கோபம் ஆறவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"ஆரம்பிங்க சிஸ்டர்," என்றார். "நான் ரெடி."

சிஸ்டர் நைலான் இழையை மேஜையில் வைத்தார்.

"முடிச்சிட்டேன் மாஸ்டர்," என்றார் பிறகு. "ரெண்டு காலும்."

மாஸ்டர் கண்ணைத் திறக்கவில்லை. சட்டைப்பையில் கைவிட்டுக் கார் சாவியை எடுத்து, மனைவி இருந்த பக்கமாக நீட்டினார்.