ஏறி நின்று வாங்கிய பெட்டி

"அஞ்சு பிளை, அஞ்சடுக்கு அட்டைம்மா. மேல ஏறி நின்னாலும் அமுங்காது" என்றார் பார்சல் பெட்டி விற்கும் கடைக்காரர். பம்பாயில் இருக்கும் மகளுக்குப் பலகாரம் அனுப்பப் பெட்டி தேடி வந்திருந்தேன். ஏறி நிற்பது என்றதும் என்னைப் பெற்ற அத்தா நினைவுக்கு வந்துவிட்டார்.

இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தைய வருடம் எனக்கு எட்டு வயது. கொழும்பில் வாழ்க்கைப்பட்டிருந்த மைமூன் அக்கா மாசமாக இருந்தாள். அவளுக்கு முறுக்கு அனுப்ப வேண்டும். மதுரை கீழமாசி வீதிக் கடையொன்றில் பழைய கள்ளிப்பெட்டிகளை வரிசையாகப் போடச் சொல்லி, அத்தா ஒவ்வொன்றிலும் ஏறி நின்றார். அவர் கனத்த ஆள். இரண்டு பெட்டிகள் முனகின. மூன்றாவதில் பலகையே பிளந்தது. கடைக்காரர் தலையில் கை வைத்தார். நாலாவது மட்டும் அசையவில்லை. அதை அத்தா தோளிலேயே தூக்கி வந்தார்.

அம்மா மூடியைத் திறந்து, "என்னங்க, ஏதோ வாசம் அடிக்குதே?" என்றாள்.

"பலகை வாசம்டி. வைக்கோலைப் போட்டு அடுக்கு."

ஒரு மாதம் கழித்து வந்த அக்காவின் கடிதத்தை அத்தா உரக்கப் படித்தார். "முறுக்கு ஒன்னுகூட உடையல அத்தா. ஆனா எல்லாத்துலயும் சலவை சோப்பு வாசம். மச்சான் தொடவேயில்ல. நான் அம்புட்டையும் தின்னுட்டேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அத்தா கடைசி வரியை இன்னொரு முறை, சத்தமில்லாமல் படித்தார்.

"ஏறி நின்னு பாக்குறீங்களாம்மா?" என்றார் பார்சல் பெட்டிக் கடைக்காரர்.

நான் பெட்டியைத் திறந்து, முதலில் மூக்கை உள்ளே விட்டேன்.