மலையைப் பார்த்த ஒலிபெருக்கி

பல்கலைக்கழகத்தில் என் மேசைக்கு எதிரே ஓர் ஒலிபெருக்கிக் குழாய் இருக்கிறது. விளிம்பு நசுங்கியது, பூச்சு உரிந்தது. புதிதாக வரும் மாணவர்கள் அதைக் கோயில் சாமான் என்று நினைக்கிறார்கள். பாதி சரிதான். இலங்கை மலைநாட்டில், கொஸ்லந்தைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அது கோயில் திருவிழாவுக்கும் பொது, வலை கட்டி ஆடும் கரப்பந்தாட்டத்துக்கும் பொது. விளையாட்டு ஊடகமும் அடையாளமும் என்று நான் இன்று பாடம் நடத்துவது அந்தக் குழாயின் தயவில்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

எங்கள் மைதானத்தில் வர்ணனை என் அண்ணன்தான். வாரநாட்களில் பண்டாரவளையில் ஒரு துணிக்கடை வாசலில் நின்று ஆள் கூப்பிடுகிற தொண்டை. ஞாயிற்றுக்கிழமை அது எங்களுக்கு. குழாயைச் சவுக்கு மரத்தில் ஏற்றி, மைதானத்துக்கு முதுகு காட்டி, தேயிலை மலையைப் பார்க்கக் கட்டுவார். கொழுந்து மிகுந்த மாதங்களில் அம்மாமார் ஞாயிறன்றும், அன்றே கையில் தரும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போய்விடுவார்கள். பிள்ளைகளின் ஆட்டத்தை அவர்கள் பார்ப்பது காதால்தான். "மலையில நிக்கிற அம்மாமார் கவனத்துக்கு!" என்றுதான் அண்ணன் எப்போதும் தொடங்குவார்.

ஆய்வுப் பட்டத்துக்கு இந்த ஆட்டத்தையே தலைப்பாகக் கொடுத்தேன். தலைப்பை அனுமதிக்கும் பல்கலைக்கழகக் குழுவினர் உதட்டைப் பிதுக்கினார்கள். பத்திரிகையில் வராத, தொலைக்காட்சி எட்டிப் பார்க்காத ஆட்டத்தில் ஊடகம் எங்கே இருக்கிறது என்றார்கள். அடுத்த கூட்டத்தில் பதில் சொல்லாவிட்டால் தலைப்பு போய்விடும். யாழ்ப்பாணத்துக்காரரான என் பேராசிரியர், "வாரும் பிள்ளை, ஒருக்கா நேரில போய்ப் பாப்பம்" என்று எங்கள் தோட்டத்து இறுதியாட்டத்துக்கு என்னோடு பஸ் ஏறிவிட்டார்.

வந்தவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். "சனம் இஞ்சயெல்லோ நிக்குது, ஸ்பீக்கரை ஏன் அங்கால பாக்கக் கட்டியிருக்கு?" நான் வாய் திறப்பதற்குள், பெரிய இடத்து விருந்தாளி சொல்லிவிட்டாரே என்று எங்கள் பையன்கள் ஏணி வைத்துக் குழாயை மைதானத்துப் பக்கம் திருப்பிவிட்டார்கள். அண்ணன் முகம் சுருங்கியது. விருந்தாளியிடம் என்ன சொல்ல?

முதல் செட் முடிவதற்குள் மலையில் கூவல் கேட்டது. தேயிலைக்குள்ளிருந்து தலைகள் ஒவ்வொன்றாக இறங்கின. முன்னால் என் அம்மா, கொழுந்துக் கூடையோடு, மூச்சு வாங்க. "என்னடா, சத்தத்தையே காணோம்? புள்ளைங்க யாருக்காச்சும் அடி பட்டிருச்சா?"

ஆட்டம் நின்றது. பேராசிரியர் எழுந்துவிட்டார். "பிழை என்ர, அம்மா. குறை நினைக்காதேங்கோ" என்றவர், தானே போய் ஏணியைப் பிடித்துக்கொண்டார். குழாய் மறுபடி மலைக்குத் திரும்பியது. அவர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். எனக்கும் அப்போதே விளங்கிவிட்டது.

அடுத்த கூட்டத்தில் இதை அப்படியே சொன்னேன். "சத்தம் நின்றால் ஒரு மலையே பதறி இறங்கி வருகிறது. அதை ஊடகம் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?" என்று கேட்டேன். தலைப்புக்கு அனுமதி வந்தது. பட்டம், வேலை, இந்த அறை எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. தோட்டத்துக்குப் புதிய ஒலிபெருக்கி வாங்கியபோது பழையதை அண்ணன் என்னிடம் கொடுத்துவிட்டார்.

போன ஞாயிறு இறுதியாட்டத்தை இங்கிருந்தே கைத்தொலைபேசியில் நேரலையாகப் பார்த்தேன். வர்ணனை இப்போது அண்ணன் மகள். அம்மாமார் பலர் மலையில் இல்லை, வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். என் அம்மா எங்குமே இல்லை. ஆட்டத்தின் நடுவே படம் உறைந்தது, குரல் அறுந்தது. உடனே திரையின் கீழே குவைத்திலிருந்து யாரோ எழுதினார்கள்: "சத்தத்தையே காணோமே, புள்ளைக்கு ஏதும் அடி பட்டிருச்சா?"

எதிரே இருந்த குழாயைப் பார்த்தேன். கண் நிறைந்துவிட்டது. அதற்குள் குரல் திரும்பி வந்தது.

"குவைத்துல இருக்கிற அம்மாமார் கவனத்துக்கு! ஒன்னும் ஆகலைங்க, சிக்னல்தான். உங்க புள்ளைங்க விளையாடிக்கிட்டுத்தான் இருக்காங்க!"