ஐஸ் பெட்டிக் கதவில் கரி

பென்னாகரத்தில் மின்சாரம் இல்லாத காலம். ஊரைவிட்டுப் போன ஒரு துரையிடம், மண்ணெண்ணெய் விளக்கில் ஓடும் ஐஸ் பெட்டியை என் கணவர் வாங்கினார். அடியில் எரியும் திரியை வெட்டுவதும் கரி துடைப்பதும் என் வேலை.

ஒருநாள் பெட்டி குளிரவில்லை. “ஒரு திரியக்கூட ஒழுங்கா வெட்டத் தெரியாதா உனுக்கு?” என்று வேலையாட்கள் முன்னால் கத்தினார்.

புதுத் திரி போட்டும் பயனில்லை. பிறகுதான் பெட்டி சாய்ந்திருப்பதைக் கண்டேன். சாய்ந்தால் குளிராது என்று துரை படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டுமென்று வாசலோரச் சரிவுக்கு இழுத்து வைத்தவர் என் கணவரேதான்! அவர் கண்ணெதிரில் பெட்டியின் காலுக்கடியில் மரச்சில்லைச் செருகினேன். மறுநாள் ஐஸ் கட்டியது.

“நாந்தாங்க ரிப்பேர் பண்ணேன்” என்று விருந்தாளிகளுக்குச் சர்பத் நீட்டினார். விளக்கைத் துடைத்த கரிக்கையை, அவர்கள் எதிரிலேயே அந்த வெள்ளைக் கதவில் அழுத்தினேன். ஐந்து விரலும் பதிந்தன.

துடைக்கிற வேலை என்னுடையதுதான். அந்தக் கரியை மட்டும் நான் துடைக்கவேயில்லை.