அண்ணன் தேய்த்த மெட்டுகள்

ஜாத்மிகோ செத்து இரண்டு வருஷமாகியும் அவன் பேர் கொஞ்சமும் மங்கவில்லை. மங்கிப்போனது அவன் தங்கை லஸ்த்ரியின் பேர்தான். பகலில் டெலாங்கு சந்தையில் ரேடியோவும் ரைஸ் குக்கரும் பழுது பார்க்கிற லஸ்த்ரி என்றால் நாலு பேருக்குத் தெரியும். சாயங்காலம் அண்ணனுடைய கோடு போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, அண்ணனுடைய பேஸ் கிதாரோடு கல்யாண மேடை ஏறிவிட்டால் அவள் ஜாத்மிகோதான். கல்யாண வீட்டுக்காரர்கள் பாட்டுக் குழுத்தலைவர் வார்சித்தோவிடம், "ஜாத்மிகோ பேஸ் வருதுல்ல?" என்று கேட்டுக்கொண்டுதான் தேதியே சொல்வார்கள். செத்தவன் எப்படி வருவான் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றாது.

டெங்கு காய்ச்சல். மூன்றே நாளில் ஆளை முடித்துவிட்டது. அடுத்த வாரமே ஒரு கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்தார்கள். "அவன் பக்கத்துல உக்காந்து பாத்தவ நீதானே, இந்த ஒரு தடவை மட்டும் வந்து ஒப்பேத்திக் குடு" என்று வார்சித்தோ வந்து நின்றார். துக்கத்துக்கு வந்தவர்களுக்கு டீ ஆற்றிய கை காய்வதற்குள் லஸ்த்ரி மேடையில் இருந்தாள். ஒரு தடவை மட்டும் என்று சொல்லிக் கூப்பிடுகிறவர்களை நம்பவே கூடாது. கிதாரை அவள் அதற்கப்புறம் கீழே வைக்கவே இல்லை.

குற்றம் கிதார் மேலும் உண்டு. அதன் கழுத்தில் குறுக்கே வரிசையாகப் பதிந்திருக்கும் உலோகத் துண்டுகளை, வீணைக்குச் சொல்வது போல, மெட்டு என்றே சொல்லிவிடலாம். ஜாத்மிகோவுக்குப் பிடித்த சுரங்கள் சில இருந்தன. வருஷக்கணக்காக அவன் அழுத்தியதில், அந்த இடங்களில் தந்தி உரசி உரசி மெட்டில் பள்ளம் விழுந்துவிட்டது. பள்ளத்தில் இறங்கிய தந்தி அடுத்த மெட்டில் இடித்து 'ர்ர்' என்று உறுமும். யார் அழுத்தினாலும் உறுமும். ஊருக்கு அந்த உறுமல்தான் ஜாத்மிகோ.

அம்மா தர்மிக்கும் அதுதான் ஜாத்மிகோ. செத்தவர்கள் வீடு தேடி வருகிற ராத்திரி என்று வியாழக்கிழமைதோறும் பொழுது சாய்ந்ததும் கூடத்து மூலையில் அவனுக்கென்று ஒரு கிளாஸ் காப்பி, ஒரு கிராம்பு சிகரெட், ஒரு தட்டில் ரோஜா இதழ் வைப்பாள். பிறகு பாயில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "ம், வாசி" என்பாள். முதல் உறுமல் வந்ததும், "வந்துட்டியா ராசா" என்று உருகிப்போவாள். வாசித்து முடித்ததும் மெட்டுப் பள்ளங்களை விரலால் தடவிப் பார்ப்பாள். மற்ற நாளெல்லாம் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போகிறவள் அன்றைக்கு ஒரு தட்டு நிறையச் சாப்பிடுவாள். அந்தத் தட்டைப் பார்த்துத்தான் லஸ்த்ரி வாயைத் திறக்காமல் இருந்தாள்.

அப்புறம் ஒரு கல்யாணம் வந்தது. பாதிப் பாட்டில் லஸ்த்ரியின் கை தன் பாட்டுக்கு உறுமல்களைத் தொட்டுத் தொட்டு ஒரு ஓட்டம் ஓடி இறங்கியது. மத்தளத்தில் வார்சித்தோவின் கை ஒரு நொடி நின்றேவிட்டது. சாப்பாட்டுப் பந்தலில் அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அந்த ஓட்டத்த உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"எந்த ஓட்டம்ணே? கை போச்சு, வாசிச்சேன்."

"உங்கண்ணன் காய்ச்சல்ல படுக்கறதுக்கு முந்தின நாள் என் வீட்டுல உக்காந்து கண்டுபிடிச்சது அது. நானும் அவனும் மட்டுந்தான் இருந்தோம்." வார்சித்தோ கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "விட மாட்டான் போலிருக்கே, பய!"

அவருக்குச் சந்தோஷம். லஸ்த்ரி சாப்பிடாமலே கிளம்பிவிட்டாள். பள்ளம் இழுத்த பக்கம் விரல் போயிருக்கும், அவ்வளவுதான் என்று தனக்கே சொல்லிப் பார்த்தாள். மறுநாள் சந்தையில் யாரோ யாரையோ "ஜாத்மிகோ!" என்று கூப்பிட, "என்ன?" என்று இவள் திரும்பினாள். கூப்பிட்டவன் முழித்தான். அவள் விடுவிடுவென்று கடைக்குள் போய்விட்டாள். இப்படியே போனால் நான் என்று ஒருத்தி மிஞ்சவே மாட்டேன் என்ற பயம் அன்றைக்குத்தான் முழுசாகப் பிடித்தது.

கிதாரின் மெட்டுகளையே பிடுங்கிவிடுவது என்று முடிவு செய்தாள். வார்சித்தோவிடம் வேறு காரணம் சொன்னாள். "நம்ம குழுவுல சுத்தியால தட்டற வெண்கலப் பட்டை வாத்தியத்துக்கும் கிதாருக்கும் சுருதி என்னைக்காவது சேந்திருக்காண்ணே? மெட்டு இல்லேன்னா விரல நகத்தி நானே சேத்துக்குவேன்." பொய் இல்லை, உண்மையும் இல்லை. அவர் தலையாட்டிவிட்டு, "அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுச் செய்" என்றார். அதைத்தான் அவள் செய்யவில்லை. சொன்னால் அம்மா விடமாட்டாள்.

மெட்டு இருந்த இடுக்குகளை அடைக்க மரத் துண்டு வாங்கப்போன இடத்தில் தச்சர் கிண்டல் பண்ணினார்.

"மெட்டப் புடுங்கிட்டா விரலுக்கு எப்படி வழி தெரியும்? சரி, இந்த வெள்ளை மரத்தச் சீவி இடுக்குல சொருகு. கோடாவது தெரியும்."

"கோடும் வேணாம். கழுத்து நிறத்துலயே கறுப்பாக் குடுங்க."

"அப்ப அக்கம்பக்கத்துல சொல்லி வச்சிரு. ஒரு மாசத்துக்கு நாய் ஊளையிடற மாதிரி கேக்கும், கல்லெடுத்து எறியப் போறாங்க."

கடையில் வைத்தே ஆரம்பித்தாள். ரேடியோவுக்கு ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலால் ஒவ்வொரு மெட்டையும் சூடாக்கி, பசை இளகியதும் குறடால் நெம்பினாள். மரம் பிய்ந்துவிடாமல் மெல்ல மெல்லத்தான் வரும். மேலே உள்ள மெட்டுகள் சுலபமாகவே வந்தன. ஆழமான பள்ளம் விழுந்த மெட்டைத் தூக்கியபோது அடியில் கறுப்பாக அழுக்கு திரண்டிருந்தது. பதினெட்டு வருஷத்து வியர்வை. அண்ணனுடைய உடம்பில் இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது இவ்வளவுதான் என்று தோன்றியதும் குறடு கையை விட்டு நழுவியது.

"மன்னிச்சுக்கண்ணே" என்று முனகினாள். பிறகு ஒரு பழைய துணியை எடுத்து அதைத் துடைத்தாள்.

இடுக்குகளில் மெல்லிய மரச் சீவல்களைப் பசை தடவிச் செருகி, மேலே நீட்டியதை அறுத்து, உப்புத்தாளால் இழைத்தாள். தந்தி மரத்தைத் தின்னாமல் இருக்க ஃபெவிக்விக் மாதிரியான பசையைப் பூசிக் காயவைத்து, மறுபடி பூசி, மறுபடி இழைத்தாள். மெட்டு போனதால் தந்தி உயரமாக நின்றது. அதைத் தாங்குகிற கட்டையின் பள்ளங்களை அரத்தால் ராவி இறக்கினாள். எல்லாம் முடிந்து கையை ஓட்டியபோது கழுத்து ஒரே வழவழப்பு. எங்கேயும் யாரும் இல்லை.

வியாழக்கிழமை வந்தது. அம்மா காப்பி வைத்தாள், சிகரெட் வைத்தாள், இதழ் வைத்தாள். லஸ்த்ரி வழக்கம்போல அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு கிதாரோடு எதிரே உட்கார்ந்தாள். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று அவள் வாயெடுப்பதற்குள் அம்மா கண்ணை மூடிவிட்டாள்.

"ம், வாசி."

உறுமல் இல்லை. சுரம் கீழே எங்கோ தொடங்கி, வழுக்கி, இடம் தெரியாமல் தடுமாறி மேலே ஏறியது. அடுத்தது அதற்கும் மேலே போய்த் தேம்பி இறங்கியது. லஸ்த்ரியே பயந்துபோனாள். ஆனால் நிறுத்த முடியவில்லை. விரலை நகர்த்த நகர்த்த அந்தக் குரல் நீண்டுகொண்டே போனது.

"என்ன இது?" அம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "ஏன் அழறான்? ஒரு நாளும் எம்புள்ள அழுததில்லையே!"

லஸ்த்ரி வாசித்துக்கொண்டே இருந்தாள்.

அம்மா தவழ்ந்து வந்து கிதாரின் கழுத்தைப் பிடித்தாள். விரல் பள்ளம் தேடி மேலே போயிற்று, கீழே வந்தது, மறுபடி மேலே போயிற்று. "எங்கடி? அவன் விரல் எங்க?"

"புடுங்கிட்டேம்மா."

"பாவி!" முதுகில் பளாரென்று ஓர் அடி விழுந்தது. "காய்ச்சல் கொன்னது பத்தாதுன்னு நீ வேற கொன்னியா? எப்படி அழ வச்சிருக்க பாரு அவன!"

"அழறது அவன் இல்லம்மா." லஸ்த்ரி நிமிர்ந்தாள். "நான். நான்தாம்மா அழறேன்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. அம்மா அந்தச் சட்டையைப் பார்த்தாள். அதற்கு மேலே இருந்த முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எப்போலேர்ந்துடி அழற?" என்று கேட்டாள்.

லஸ்த்ரி அண்ணன் சட்டையின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அம்மா காத்திருந்தாள்.