மலைக்கும் தரைக்கும் நடுவே நின்ற ஜமீலா மேடம்

சின்னசேலம் ஸ்டேஷனில் சேலம் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. ஜமீலா மேடத்தின் தம்பி, கள்ளக்குறிச்சியில் செருப்புக்கடை வைத்திருப்பவர், பேசினார். "அக்கா மௌத்தாயிட்டாங்கம்மா. சாயங்காலம் அடக்கம்." சேலம் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே கள்ளக்குறிச்சி பஸ் ஏறினேன்.

ஜமீலா பேகம் அவர்கள் எங்கள் வட்டாரத்தின் வேளாண்மை அலுவலர். அவருக்குக் கீழே உதவி அலுவலராகப் பல வருடம் வேலை பார்த்தேன். விதை, உரம் என்று எல்லா அலுவலரும் பார்ப்பதைத்தான் அவரும் பார்த்தார். ஆனால் அவர் பெயர் நிலைத்தது களைகளால். எங்கிருந்தோ வந்து நம் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் செடிகள் மீது அவருக்கு அப்படி ஒரு கண்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் சாலையோரமெல்லாம் பார்த்தீனியம் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. கூட்டமொன்றில் கரும்பு விவசாயி ஒருவர் எழுந்து, "கர்நாடகாவுல இத ஒழிக்கச் சட்டமே இருக்குதாம். நம்மூர்ல இன்னாங்க பண்றீங்க?" என்று கேட்டார். மேடம் சிரித்தார். "சட்டம் வரட்டும்னு செடி பூக்காம காத்துக்கினு இருக்குமாங்க?" என்றவர், மறுநாள் காலையில் கையுறையோடு அந்த விவசாயியின் ஊரில் போய் நின்றார். பார்த்தீனியம் பட்டால் மேடத்துக்குக் கழுத்தெல்லாம் தடித்துவிடும். முந்தானையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு பிடுங்கினார். கேள்வி கேட்டவரும் சேர்ந்துகொண்டார்.

சில வருடங்களுக்குப் பிறகு சீமைக்கருவேலை, எங்கள் பேச்சில் வேலிகாத்தானை, வேரோடு எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. கீழே ஏரிகளில் பொக்லைன் ஓடியது. அதே நாட்களில்தான் கல்வராயன் மலையில் பொன்னி என்ற பெண் வனத்துறையிடம் பிடிபட்டார். காட்டிலிருந்து உண்ணிச்செடி என்ற வெளிநாட்டுக் களையின் புதர் அவருடைய சாமை நிலத்துக்குள் இறங்கியிருந்தது. அதில் பதுங்கிய பன்றிகள் விளைச்சலை நாசம் செய்தன. பொன்னியும் பக்கத்து நிலத்துப் பெண்களும் எல்லைக்கல்லைத் தாண்டிப் போய்ப் புதரை வெட்டினார்கள். காப்புக்காட்டில் வெட்டியதற்கு வழக்கு எழுதப்போகிறார்கள் என்று தெரிந்ததும், மேடம் என்னையும் அழைத்துக்கொண்டு மலை ஏறினார்.

வனத்துறை அலுவலக வாசலில் பொன்னி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். "முள்ளுச்செடியத்தானே மேடம் வெட்னோம். அதுக்கு ஜெயிலா?" என்று அழுதார்.

ரேஞ்சர் கெட்ட மனிதர் இல்லை. "களையோ தேக்கோ, காட்டுக்குள்ள வெட்டினா கேஸ் மேடம். இன்னிக்கு உண்ணிச்செடின்னு விட்டா நாளைக்கு சந்தனமரத்துக்கு வருவாங்க. கீழ உங்க ரூல் வேற, மேல எங்க ரூல் வேற," என்றார்.

மேடம் சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் தலையாட்டினார். "நீங்க சொல்றது நியாயங்க. காட்டுக்குக் காவல் வேணும். ஆனா செடிக்கு எல்லைக்கல்லு தெரியல சார். அது எறங்கி வரலாம், இவங்க ஏறிப் போவக் கூடாதுன்றீங்க. அப்ப உங்க துறையே எடுக்கட்டும். கூலிக்கு இவங்களையே வச்சுக்குங்க. எத வெட்டலாம்னு உங்க ஆளு கூட நின்னு காட்டட்டும்."

ரேஞ்சர் வழக்கு எழுதாமல் பொன்னியை எச்சரித்து அனுப்பினார்.

வேறு துறையின் வேலையில் தலையிட்டதற்காக மேடத்திடம் விளக்கம் கேட்டார்கள். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் மாற்றினார்கள். அங்கிருந்தும் விடுப்பு எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். மலைப் பெண்களைக் கூலிக்கு வைத்துப் புதரை எடுக்க அனுமதி வர ஆண்டுகள் பிடித்தன. வந்ததும் அதை முதலில் அவருக்குச் சொன்னவர் அந்த ரேஞ்சர்தான். பொன்னி அரிவாளோடு அதே காட்டுக்குள் கூலிக்குப் போனார்.

ஓய்வு பெற்ற பிறகும் மேடம் மழைக்கு மழை மலையேறினார். வெட்டிய இடத்தில் மறுபடி துளிர்த்ததா என்று பார்க்க வேண்டும் அவருக்கு. ஒருமுறை புதர் போன இடத்தில் புல் தழைத்திருந்தது. "பாரு செல்வி, நாம ஒண்ணும் நடல. எடம் விட்டோம், அதுவே வந்துடுச்சு," என்று ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். சற்று நேரத்தில் பொன்னியும் மலைப் பெண்களும் வாசலில் வந்து தயங்கினார்கள். "நாங்க உள்ள வர்லாங்களா?"

"அக்காவப் பாக்கக் கேட்டுக்கினு நிக்கணுமா? வாங்கம்மா," என்றார் தம்பி.

வெள்ளைத் துணிக்கு நடுவே தெரிந்த முகத்தருகே பொன்னி குனிந்தார். "மேடம், மேல மழ எறங்கிடுச்சு. நாளைக்கு நாங்க போறோம். நீங்க படுத்துக்கினு இருங்க."

ஆண்கள் அவரைத் தோளில் சுமந்து தெரு திரும்பும்வரை நாங்கள் வாசலில் நின்றோம். அமைதியாக உறங்குங்கள், மேடம்.