ராத்தா வீட்டுப் பிளாட்டும் ஒரு பீப்பாத் தண்ணீரும்

வீடு கட்டக் கேட்டு என்னிடம் வருகிறவர்கள் முதலில் போனை நீட்டிப் படம் காட்டுவார்கள். கட்டாரில் கண்ட வீடு. முகம் தெரிகிற மாபிள் தரை, சுவரளவு கண்ணாடி. நான் படத்தைப் பார்க்கிறதில்லை. "காணிக் கிணத்துத் தண்ணி ஒரு கோப்பை கொண்டு வாங்கோ" என்பேன். குடித்துப் பார்த்த பிறகுதான் மற்றக் கதை. நாக்கில் உவர் பட்டால், வெளியிலிருந்து நல்ல தண்ணீர் வந்து சேரும்வரை ஒரு சட்டி சீமெந்துகூடக் குழைக்க விடமாட்டேன்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவன். ஆனாலும் எங்கள் தீவில் தோட்டவெளியில் இருந்து மற்றத் தலைப்பு வரைக்கும் என் கை படாத தெரு ஒழுங்கை இல்லை. முதுகுக்குப் பின்னால் என்னை 'உப்புநக்கி' என்று சொல்லுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். சொல்லட்டும். சொல்லுகிறவன் நான் அடித்த பிளாட்டுக் கூரைக்குக் கீழேதான் நித்திரை கொள்ளுகிறான்.

இந்த உப்புப் பயம் எனக்கு ஏழெட்டு வயதில் பிடித்தது. அப்போது என் மூத்த சகோதரி ராத்தாவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். எங்கள் ஆட்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். எனவே வீடு முடிந்தால்தான் நிக்காஹ். உம்மாவின் தம்பி, என் மாமா, கொழும்பில் மேசன் வேலை பழகி வந்திருந்தார். ஓலையும் ஓடும் மட்டுமே கண்ட எங்கள் ஊரில், மருமகளுக்குக் கொங்கிறீட்டில் தட்டையான கூரை, அதாவது பிளாட், அடித்துத் தருவேன் என்று சபையில் சொல்லிவிட்டார். விறாந்தைக்கு மட்டும் பனைமரத்தில் அறுத்த சிலாகை வைத்து ஓடு போடுவது என்று முடிவானது.

மாமா சாமான் எடுப்பதைப் பார்த்தால் பெண் பார்க்கப் போனவர் மாதிரி இருக்கும். சீமெந்துப் பைக்குள் முழங்கைவரை கையை விடுவார். உள்ளே குளிராக இருக்க வேண்டும். மணலை உள்ளங்கையில் தேய்ப்பார், சேறு ஒட்டக்கூடாது. பிறகு நாக்கில் வைப்பார். வாசலிலேயே கடல் மணல் கொட்டிக் கிடக்க, பாலத்துக்கு அப்பால் போய் ஆற்று மணல் ஏற்றி வந்தவர் அவர். நடு அறைக்கு மேலே, பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஏணைத் தொட்டில் கட்டவென்று ஒரு இரும்புக் கொழுக்கியை, கொங்கிறீட்டுக்குள் போகும் கம்பியோடு சேர்த்துக் கட்டி வைத்தார். ராத்தா வெட்கப்பட்டு குசினிக்குள் ஓடிவிட்டாள்.

நான் ஏன் என்று கேட்டேன், மணலை ஏன் நக்க வேண்டும் என்று. "உப்பு கம்பியைத் தின்னும் மருமகன். கம்பி போனால் பிளாட் விழும். பிளாட் ஆளைத் தின்னும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொங்கிறீட் போட்ட நாளில் எனக்கும் ஒரு உத்தியோகம் கிடைத்தது. குழைப்பதற்கு நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து மாட்டு வண்டியில் தண்ணீர் வந்து ஒரு பெரிய பீப்பாவில் நிறையும். அதற்குள் வேறு தண்ணீர் ஒரு சொட்டும் விழாமல் பார்ப்பது என் வேலை. "ஆர் வந்தாலும் விடாத" என்று சொல்லிவிட்டு மாமா ஏணியில் ஏறினார். ஒழுங்கை ஆட்கள் எல்லாரும் வரிசையாய் நின்று சட்டி கைமாற்றினார்கள். நான் ஒரு பனைமட்டையோடு பீப்பாவுக்குப் பக்கத்தில் நின்று காகத்துக்குக்கூட மட்டையை ஓங்கினேன்.

பாதி பிளாட் முடிந்தபோது பீப்பா வற்றியது. வண்டி வரவில்லை. வழியில் சில்லுக் கழன்றுவிட்டது என்று ஒருவர் ஓடிவந்து சொன்னார். மேலே இருந்து மாமா, "தண்ணி, தண்ணி" என்று கத்துகிறார். நடுவில் நிறுத்தினால் பிளாட்டில் ஒட்டு விழும், மழைக்கு அதாலேயே ஒழுகும் என்று அவர்தான் காலையில் எல்லாருக்கும் படிப்பித்திருந்தார்.

வாப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வளவுக் கிணற்றுக்குப் போனார். அந்தத் தண்ணீரில் சட்டி பானைதான் கழுவுவோம். உம்மா அதில் தேத்தண்ணீர் போட்டால் பூனையும் குடிக்காது. வாளியோடு வந்த வாப்பாவை நான் மட்டையால் மறித்தேன்.

"வாப்பா, அது உவர்."

"தள்ளடா. நிண்டுபோனாத்தான் பழுது. மாமாட்டச் சொல்லிப்போடாத."

பீப்பா நிரம்பும்வரை இறைத்து ஊற்றினார். வாப்பாவை அடிக்க எனக்குக் கை வருமா? அந்தத் தண்ணீர் சீமெந்தோடு சேர்ந்து சட்டி சட்டியாய் மேலே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் உத்தியோகம் அரை நாளில் முடிந்தது.

அதன் பிறகு நான் அந்த வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. உள்ளே காடு மாதிரி முட்டுக்கட்டைகள் நின்று பிளாட்டைத் தாங்கின. அதற்கு மேலே உப்பு கம்பியைத் தின்றுகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும், வேறு ஒருவருக்கும் தெரியாது. வாசலில் நின்று காது கொடுப்பேன். எலி கறண்டினாலும் அதுதான் தின்னும் சத்தம் என்று உடம்பு விறைக்கும். பிளாட் சட்டென்று காய்ந்து வெடிக்காமல் இருக்க ராத்தா காலையும் மாலையும் மேலே ஏறித் தண்ணீர் ஊற்றுவாள். நான் அவளுடைய பாவாடையைப் பிடித்துத் தொங்குவேன்.

"ஏறாத ராத்தா."

"ஏண்டா?"

"சும்மா. ஏறாத."

"என்ர வீட்டில நான் ஏறாமல் உன்ர பெண்டாட்டியோ ஏறுவாள்?" என்று என் கையைத் தட்டிவிட்டு ஏறிப்போவாள். மேலே அவளுடைய காலடி கேட்கும் ஒவ்வொரு தடவையும் நான் கண்ணை இறுக்கி மூடி, தெரிந்த ஒரே ஸூராவை ஓதுவேன்.

முட்டுக் கழற்றும் நாள் வந்தது. மாப்பிள்ளையின் வாப்பா முசலிப் பக்கத்திலிருந்து நாலு ஆட்களோடு வந்து, தலையை நிமிர்த்திப் பிளாட்டைப் பார்த்தபடியே நின்றார். கல்லைத் தலைக்கு மேலே படுக்கப்போடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. "ஓடு எண்டால் விழுந்தாலும் மண்டைதான் உடையும்" என்றார். அப்போது மாமா ஒரு கதிரையைத் தூக்கினார். மேசன்மாரிடம் ஒரு வழக்கம் இருக்கிறதாம். பிளாட் அடித்தவன் கீழே இருக்கத்தான் கடைசி முட்டுக்கட்டையைத் தட்டுவார்களாம். "நான் உள்ளுக்கு இருக்கிறன் சம்மந்தி. நீங்கள் வெளியில நிண்டு தேத்தண்ணி குடியுங்கோ. முடிஞ்சதும் கலியாண நாளைக் குறிப்பம்."

வாப்பா முற்றத்தில் நின்று மண்ணைப் பார்த்தார். நான் ஓடிப்போய் மாமாவின் சாரத்தைப் பிடித்து, அவர் காதில் எல்லாவற்றையும் கொட்டினேன். வண்டி, வளவுக் கிணறு, வாளி.

மாமா என்னைப் பார்த்தார். பிறகு என் தலைக்கு மேலால் வாப்பாவைப் பார்த்தார். வாப்பா நிமிரவில்லை.

"எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார்.

"பீப்பா முட்ட."

மாமா ஒரு தடவை பிளாட்டை நிமிர்ந்து பார்த்தார். வெளியே சம்மந்தி, "என்ன மேசன், மருமகன் விடுறானில்லையோ?" என்று கேட்டார். ஆட்கள் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். என் கையை விரல் விரலாய்க் கழற்றிவிட்டு, கதிரையை நடு அறையில், அந்தக் கொழுக்கிக்கு நேர் கீழே போட்டு அமர்ந்தார். "எனக்கும் ஒரு தேத்தண்ணி தாங்கோ" என்றார்.

முட்டுகள் ஒவ்வொன்றாய் விழுந்தன. ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் செத்தேன். கடைசிக் கட்டையைச் சுத்தியலால் தட்டியபோது நான் வேலியைப் பிடித்துக்கொண்டு காற்சட்டையோடு சலம் விட்டுவிட்டேன், வெட்கமில்லாமல் எழுதுகிறேன். கட்டை சரிந்தது. தூசி பறந்தது. தூசிக்குள்ளிருந்து கோப்பை தட்டில் படும் சத்தம் கேட்டது. மாமா குடித்து முடித்திருந்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சம்மந்தி முதலில் சொன்னார். அங்கேயே நாள் குறித்தார்கள். உம்மா அழுதாள், ராத்தா கதவுக்குப் பின்னால் சிரித்தாள்.

அன்றோடு என் பயம் போய்விட்டது. உப்புக் கதையெல்லாம் பிள்ளைகளை வெருட்டச் சொன்ன கதை என்று நினைத்தேன். அந்தப் பிளாட்டில் ஏறிப் பட்டம் விட்டேன். உப்பு ஒரு நாளில் தின்பதில்லை, வருசக்கணக்காய் மெல்லும் என்பது நான் தொழிலுக்கு வந்த பிறகு படித்தது. பின்னாளில் அந்தப் பிளாட்டை உடைத்து இறக்கியவனும் நான்தான். கம்பி பனங்கிழங்குத் தும்பு மாதிரிக் கையோடு உரிந்து வந்தது. புதிதாய் நான் அடித்துக் கொடுத்தது இன்றைக்கும் நிற்கிறது, போய்ப் பாருங்கள்.

ஆனால் அந்தச் சின்ன வயதில் நான் கண்டது வேறு. மாமா ராத்தா வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றும் முன்னமே மேலே பார்ப்பார். சோற்றில் கை வைத்தபடியும் பார்ப்பார். தான் செய்த வேலையின் அழகைப் பார்க்கிறார் என்று எனக்கும் பெருமையாக இருக்கும். ராத்தாவுக்குப் பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழிந்தபோது, ஏணைச் சீலையோடு நடு அறைக்கு வந்தார். கொழுக்கியைச் சுற்றித் தேத்தண்ணீர் நிறத்தில் ஒரு வட்டம் விழுந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"விளக்குப் புகை மாமா. நான் ஏணி வைச்சு ஏறிச் சாம்பல் போட்டுத் தேய்ச்சனான், போகேல்ல" என்று சொன்னேன்.

"ஓம் மருமகன். புகைதான்" என்றார்.

ஏணையை விறாந்தையில், பனஞ்சிலாகையில் கட்டினார். இங்கேதான் நல்ல காற்று வரும் என்று ராத்தாவிடம் சொன்னார். பிள்ளையின் படுக்கையையும் அங்கேயே போடச் சொன்னார். காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்பதுகூட எங்கள் மாமாவுக்குத் தெரியும் என்று அன்று முழுக்க ஒழுங்கையில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.